பாரிசவாதம்: அறிகுறியும் அவசரமும்

பாரிசவாதம் என்னும் சொல்லை ஈழத்தில் அறியாதவர் இலர். தமிழ்நாட்டார் பக்கவாதம் என்று வழங்குவதும் இதனையே. பார்சுவம் என்ற வடசொல் தமிழிலே பாரிசம் என்று திரிந்தது. பக்கம் என்பது அதன் பொருள். ஆயுள்வேத நூல்கள் இதே நோயைப் பக்ஷாகாதம் என்று கூறுகின்றன. உடம்பின் ஒரு பாதி நன்றாயிருக்க, மறு பாதி மட்டும் செயலற்றுப் போவதை நம் பண்டை வைத்தியர்கள் கண்டார்கள். கண்டதையே பெயராகவும் வைத்தார்கள். அது மிகக் கூரிய அவதானிப்பு. இன்று உலகெங்கும் இந்நோயை இனங்காணக் கற்பிக்கும் வைத்தியர்கள் முதலிற் சொல்வதும் அதுவே: ஒரு பக்கத்தைப் பாருங்கள்.

ஆனால் அந்தப் பெயரின் பிற்பாதி நம்மைப் பிழையான வழியில் இட்டுச் செல்கிறது. வாதம் என்றவுடன் மூட்டுவாதம், முடக்குவாதம் என்பனவற்றோடு இதனையும் ஒரே வரிசையில் வைத்து எண்ணத் தொடங்கிவிடுகிறோம். வாத நோய்கள் எண்பது என்று கணக்கிட்ட மரபு நம்முடையது. அவற்றுட் பல நெடுநாள் இருந்து வருத்துபவை. எண்ணெய் பூசி, ஒற்றடம் கொடுத்து, பத்தியம் காத்து, ஆறுதலாக மாற்ற வேண்டியவை. பாரிசவாதம் அவ்வினத்தைச் சேர்ந்ததன்று. கை விழுந்துவிட்டதே என்று நாம் கையைப் பிடித்துத் தேய்க்கிறோம். கையிலே நோய் ஒன்றும் இல்லை. வீட்டில் விளக்கு அணைந்தபோது, கம்பி அறுந்த இடம் வேறாயிருக்க, விளக்கின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பவரின் செயலை ஒத்தது அது. நோய் மூளையில் இருக்கிறது.

இவ்வுண்மையை ஐரோப்பாவிலும் நெடுங்காலம் அறிந்திருக்கவில்லை. சுவிற்சர்லாந்து நாட்டு வைத்தியரான யோகான் யாக்கோப் வெப்பர், இந்நோயால் இறந்தவர்களின் மூளையை அறுத்துப் பார்த்து, உள்ளே இரத்தம் கசிந்து உறைந்திருந்ததைக் கண்டு 1658ஆம் ஆண்டிலே நூலாக எழுதினார். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டாலும் இதே விளைவு நேரும் என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. எனவே நோய் ஒன்று, காரணம் இரண்டு. குழாய் அடைபடுவது ஒன்று. குழாய் வெடிப்பது மற்றொன்று. அடைப்பினால் வருவதே அதிகம்.

மூளை நம் உடல் நிறையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் இருக்கும். ஆயினும் உடம்பு உட்கொள்ளும் பிராணவாயுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. சேமித்து வைக்கும் பழக்கம் அதற்குக் கிடையாது. வேளைக்கு வேளை கடையில் வாங்கிச் சமைக்கும் குடும்பத்தைப் போல, வரத்து நின்ற மறுகணமே அது பட்டினி கிடக்கத் தொடங்கும். பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடமொன்றுக்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று ஜெஃப்ரி சேவர் என்ற அமெரிக்க வைத்தியர் 2006இல் கணக்கிட்டுக் காட்டினார். மடிந்த அணு மீண்டும் முளைப்பதில்லை. இந்நோயில் அவசரம் என்ற சொல்லுக்குப் பொருள் அதுதான்.

மூளையின் இடப்பாதி உடம்பின் வலப்பக்கத்தை ஆள்கிறது; வலப்பாதி இடப்பக்கத்தை ஆள்கிறது. பெரும்பாலான மனிதருக்குப் பேச்சின் இருப்பிடம் இடப்பாதியில் உள்ளது என்பதை 1865இல் பிரான்சு தேசத்துப் புரோக்கா என்ற வைத்தியர் எடுத்துக்காட்டினார். ஆதலால் வலக் கை விழுந்தவர்களுக்குப் பேச்சும் சேர்ந்து குழறுவதுண்டு. எம்.ஜி.ஆர். என்று நாமெல்லாரும் அறிந்த எம்.ஜி. இராமச்சந்திரன், 1917இல் நமது மலைநாட்டிலே, நாவலப்பிட்டியிற் பிறந்தவர். தமிழ்நாட்டின் முதலமைச்சராயிருந்த காலத்தில், 1984 ஒக்டோபரில், நோயுற்று வைத்தியசாலையில் இருக்கையில் அவருக்குப் பாரிசவாதம் கண்டது. அமெரிக்காவுக்குக் கொண்டு சென்று சிகிச்சை செய்தார்கள். உயிர் பிழைத்தார், அங்கே படுக்கையில் இருந்தபடியே தேர்தலிலும் வென்றார். ஆனால் திரையிலும் மேடையிலும் கோடிக்கணக்கானோர் கேட்டு மகிழ்ந்த அந்தப் பேச்சின் தெளிவு, 1987இல் அவர் இறக்கும்வரை முழுமையாகத் திரும்பவேயில்லை. வைத்தியசாலைக்கு உள்ளேயே நோய் வந்தவரின் கதை இது. வீட்டிலே, வயலிலே, தோட்டத்திலே நோய் வருகிறவர்களுக்கு முதலில் வைத்தியசாலையை அடைவதே ஒரு பிரயாணமாக இருக்கிறது.

மாத்தளை மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். தெற்கே உக்குவளை, எல்கடுவை, இரத்தோட்டைப் பகுதிகளில் மலையேறிக் கிடக்கும் தேயிலை, இறப்பர்த் தோட்டங்கள். கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர்; அதனைத் தாண்டினால் லக்கலை, வில்கமுவைக் கிராமங்கள். வடக்கே நாவுலை, கலேவெலை, தம்புள்ளை என்னும் வேளாண்மை நிலம். மாத்தளை நகரிலே மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. தம்புள்ளையில் ஆதார வைத்தியசாலை இருக்கிறது. மாத்தளையிலிருந்து தெற்கே ஏறத்தாழ 26 கிலோமீற்றரில் கண்டி தேசிய வைத்தியசாலை. வரைபடத்தில் இவையெல்லாம் அருகருகே தோன்றும். ஆனால் றிவஸ்ரனின் வளைவுகளைக் கடந்து லக்கலையிலிருந்து வருகிறவருக்கும், கற்கள் பெயர்ந்த தோட்டப் பாதையில் இரவிலே இறங்கி வருகிறவருக்கும் தூரம் கிலோமீற்றரால் அளக்கப்படுவதில்லை, மணித்தியாலத்தால் அளக்கப்படுகிறது.

பாதையின் குறையைப் பற்றி எவ்வளவும் பேசலாம். அது பேசப்பட வேண்டியதே. எனினும், ஒரு நோயாளி இழக்கும் நேரத்திற் பெரும்பகுதி பாதையிலே போவதில்லை, வீட்டுக்குள்ளேயே போகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இரத்தோட்டைக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்து லயத்தில், கொழுந்து பறிக்கும் ஒரு தாயார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது ஐம்பத்தெட்டு. காலை 5.45க்குத் தேநீர்க் கோப்பை அவர் கையிலிருந்து நழுவி விழுகிறது. "ஒண்ணுமில்லை, கை மரத்துப்போச்சு" என்கிறார். பெரட்டுக்குப் போக வேண்டும்; போகாவிட்டால் பெயர் விழாது; பறிப்பது குறைந்தால் அரைப்பெயர்தான். ஆகவே கையை உதறிக்கொண்டு புறப்படப் பார்க்கிறார். 6.15க்கு மருமகள் பார்க்கிறாள். மாமியின் வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது. பித்தமாயிருக்கும் என்று அயல்வீட்டார் இஞ்சி இடித்துக் கொடுக்கிறார்கள். ஒருவர் நல்லெண்ணெய் பூசித் தேய்க்கிறார். இரவுக் காவலுக்குப் போன மகன் வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். 7.30க்கு மகன் வருகிறான். தோட்டத்து மருந்தகம் திறக்கட்டும் என்று மேலும் சிறிது நேரம். 8.30க்கு மருந்தகத்தில் இரத்த அழுத்தத்தைப் பார்த்தவர், உடனே மாத்தளைக்குக் கொண்டு போங்கள் என்கிறார். முச்சக்கர வண்டி தேடிப் பிடித்து, உடுப்பு மாற்றி, பணம் புரட்டிப் புறப்படும்போது 9.15. வைத்தியசாலை வாசலை அடையும்போது 10 மணி.

இப்பொழுது மறு கணக்கைப் பாருங்கள். அடைப்பினால் வந்த பாரிசவாதத்திற்கு, உறைந்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தொன்று உண்டு. அம்மருந்து இந்நோயிலே பயன் தருவதை 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று நிறுவியது. அப்பொழுது நோய் தொடங்கி மூன்று மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும் என்றிருந்தது. 2008இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு அந்த எல்லையை நாலரை மணித்தியாலமாக விரித்தது. நம் தாயாருக்கு 5.45க்கு நோய் தொடங்கியது, எல்லை 10.15. வாசலை அடைந்த பின் எஞ்சியிருப்பது பதினைந்து நிமிடம். அதற்குள் வைத்தியர் பார்க்க வேண்டும், இரத்தம் சோதிக்க வேண்டும், மூளையை ஸ்கேன் எடுக்க வேண்டும். ஆகாத காரியம். எல்லைக்குள்ளேயும் கூட, முதல் மணித்தியாலத்தில் கொடுத்த மருந்துக்கும் நாலாவது மணித்தியாலத்தில் கொடுத்த மருந்துக்கும் பலன் ஒன்றன்று.

இந்தக் கதையில் மலைப்பாதை தின்றது முக்கால் மணித்தியாலம். மீதி மூன்றரை மணித்தியாலமும் லயத்திலும் மருந்தகத்திலும் கழிந்தது. யாரும் அசட்டையாய் இருக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். எல்லாரும் அன்போடு ஓடி ஓடி ஏதோ செய்துகொண்டுதான் இருந்தார்கள். நோயை இனங்காணாமையால் அந்த அன்பெல்லாம் நேரத்தைத் தின்றது.

ஏன் இனங்காண முடியாமற் போகிறது? பெரும்பாலும் பாரிசவாதம் வலிப்பதில்லை. மாரடைப்பு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அலறுவார். வீடு முழுவதும் விழித்துக்கொள்ளும். பாரிசவாதம் திருடனைப் போல ஓசையின்றி வருகிறது. கை மரத்தது போலிருக்கும், நாக்குத் தடித்தது போலிருக்கும், அவ்வளவே. இதனினும் விசித்திரமான செய்தி ஒன்றுண்டு. மூளையின் வலப்பாதி தாக்கப்பட்ட சிலருக்குத் தமது இடக் கை விழுந்துவிட்டது என்ற உணர்வே இராது. கையைத் தூக்குங்கள் என்றால், தூக்கிவிட்டேனே என்பார்கள். கையோ மடியிற் கிடக்கும். அவர்கள் பொய் சொல்லவில்லை. தன் உடம்பின் ஒரு பாதியை அறியும் இடமே மூளையிற் கெட்டுப்போயிருக்கிறது. ஆகையால் எனக்கொன்றும் இல்லை என்று நோயாளி சொல்வதை இந்நோயில் சாட்சியாகக் கொள்ளலாகாது. தீர்மானிக்க வேண்டியவர் அருகில் நிற்பவர்.

அருகில் நிற்பவர் என்ன பார்க்க வேண்டும்? முகம், கை, பேச்சு. இம்மூன்றும் போதும். இங்கிலாந்திலே 1998ஆம் ஆண்டளவில் அம்புலன்ஸ் ஊழியர்களுக்கென்று இந்த முறையை வகுத்தார்கள். முகம், கை, பேச்சு, நேரம் என்பவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'விரைவு' என்று பொருள்படும் 'ஃபாஸ்ட்' என்ற சொல் வரும். தமிழிலே அப்படி ஒரு சொல் அமையவில்லை, அமையாததினாற் குறையுமில்லை. மூன்று சொற்களை நினைவில் வைப்பது கடினமா என்ன?

முகத்தைப் பார்ப்பதற்குச் சிரிக்கச் சொல்லுங்கள். பல் தெரியச் சிரிக்க வேண்டும். சும்மாயிருக்கும்போது தெரியாத கோணல் சிரிப்பிலே வெளிப்படும். வாயின் ஒரு முனை மேலே போகும். மறுமுனை அசையாது தொங்கும். சிலருக்கு அந்தப் பக்கம் எச்சில் வழியும். வெற்றிலை போடுகிறவரானால் சாறு வழிவதை முதலிற் காண்பீர்கள். முகவாதம் என்று வேறொரு நோயும் உண்டு. அதில் மூளைக்குக் கெடுதி இல்லை; முகத்து நரம்பு ஒன்றே வீங்கும்; அந்தப் பக்கத்துக் கண்ணை மூட முடியாது, நெற்றியைச் சுருக்கவும் முடியாது. வைத்தியர் இரண்டையும் பிரித்தறிவார். நீங்கள் வீட்டில் வைத்துப் பிரித்தறிய முயல வேண்டாம். இதுவோ அதுவோ என்று வாதிடும் நேரத்தை வைத்தியர் முன்னே செலவிடுவது நல்லது.

கையைச் சோதிக்கும் முறை இன்னும் எளிது. கண்ணை மூடி, இரண்டு கைகளையும் உள்ளங்கை மேலே பார்க்கும்படி முன்னே நீட்டச் சொல்லுங்கள். பத்து எண்ணும்வரை அப்படியே வைத்திருக்கட்டும். ஒரு கை மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், அல்லது உள்ளங்கை தானாகவே உட்புறம் திரும்பினால், அதுவே அறிகுறி. முற்றாக விழ வேண்டும் என்பதில்லை; சிறிது தாழ்ந்தாலே போதும். காலிலும் இவ்வாறே தளர்ச்சி தோன்றும். நடக்கையில் ஒரு செருப்பு மட்டும் அடிக்கடி கழன்று போகும், அதை நோயாளியே கவனியார்.

பேச்சுக்கு, நோயாளி நன்கறிந்த ஒரு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். நாப்பயிற்சிக்குரிய கடினமான வாக்கியம் வேண்டியதில்லை. அதைச் சுகதேகியும் தடுமாறித்தான் சொல்வார். "மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசி மகத்துக்கு ஐந்து தேர் ஓடும்" என்பது மாத்தளையார் எவரும் தூக்கத்திலும் சொல்லக்கூடியது. அந்த வாக்கியம் குழறினால், சொல் மாறி வந்தால், தேர் என்பதற்குப் பதில் பொருளற்ற ஓர் ஒலி வந்தால், அல்லது நீங்கள் சொல்வதே விளங்காமல் அவர் மலங்க மலங்க விழித்தால், மேற்கொண்டு சோதிக்க வேண்டுவதில்லை. நோயாளி குடித்திருக்கிறார் என்று எண்ணி விட்டுவிடுகிற வழக்கம் ஒன்றுண்டு. மாலையிலே மது அருந்துகிறவருக்கும் பாரிசவாதம் வரும். சொல்லப்போனால் அவருக்கு வரும் வாய்ப்பு அதிகம்.

இம்மூன்றில் ஒன்று இருந்தாலே போதும், மூன்றும் சேரும்வரை காத்திருத்தலாகாது. இவற்றோடு வேறு சிலவும் உண்டு. ஒரு கண்ணில் திரை விழுந்தாற்போலத் திடீரென்று பார்வை மறைதல். அல்லது காண்பவற்றில் ஒரு பாதி மட்டும் தெரியாது போதல். நிற்க முடியாமல் ஒரு பக்கமாகத் தள்ளாடுதல். வாழ்நாளில் அனுபவித்திராத கடுந்தலைவலி கணத்திலே இடித்தல். எல்லாவற்றுக்கும் பொதுவான அடையாளம் 'திடீரென்று' என்பது. கிழமைக்கணக்கில் மெல்ல வளர்ந்த மரப்பு வேறு. கோப்பையைத் தூக்கிய கை அதே நிமிடத்தில் நழுவவிட்டது வேறு.

இனி, வந்து மறையும் வாதம் ஒன்றுண்டு. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் நம்மவர் ஏமாறும் இடம் இதுதான். கை விழுந்தது, வாய் குழறியது. கால் மணித்தியாலத்தில் எல்லாம் சரியாயிற்று. கண்ணூறு கழிந்தது, அம்மாள் காப்பாற்றினாள் என்று எல்லாரும் நிம்மதியடைவார்கள். கட்டி ஒன்று குழாயை அடைத்துத் தானாகவே கரைந்திருக்கிறது, நடந்தது அதுவே. அடைத்த கட்டி எங்கிருந்து வந்ததோ, அவ்விடத்தில் இன்னும் இருக்கக்கூடும். இவ்வாறு வந்து மறைந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்விலே, ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு மூன்று மாதத்துக்குள் முழுமையான பாரிசவாதம் வந்தது தெரிந்தது. அவர்களிற் பாதிப்பேருக்கு அது முதல் இரண்டு நாட்களிலேயே வந்துவிட்டது. அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போனால் அந்த இரண்டாவது அடியைத் தடுக்க மருந்துகள் உண்டு. அம்மாளுக்கு நேர்த்தி வையுங்கள். அதை வைத்தியசாலையிலிருந்து திரும்பி வந்து நிறைவேற்றுங்கள்.

நோயை இனங்கண்டீர்கள். அடுத்துச் செய்ய வேண்டியது ஒன்றே: 1990 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைப்பது. சுவசெரிய என்ற இந்த இலவச அம்புலன்ஸ் சேவை, இந்திய அரசின் உதவியோடு 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்தது. இந்த அழைப்பை மகன் வந்த பின், மருந்தகம் திறந்த பின் என்று ஒத்திப்போட வேண்டாம். தோட்டத்தின் பெயரை மட்டும் சொன்னாற் போதாது. எந்த டிவிஷன், எந்த லயம், பெரிய தெருவிலிருந்து எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். வண்டி லயம்வரை ஏற முடியாத பாதையானால், இரண்டு இளைஞரைச் சந்திக்கு அனுப்பிவிட்டு, நோயாளியை வண்டி நிற்கக்கூடிய இடத்துக்குக் கொண்டு வாருங்கள்.

செய்யக்கூடாதவை பல. வாயினுள்ளே எதையும் ஊற்றாதீர்கள். இஞ்சித் தண்ணீரும் வேண்டாம், கோப்பியும் வேண்டாம், வெறுந்தண்ணீரும் வேண்டாம். விழுங்கும் தசைகளும் தளர்ந்திருக்கும். ஊற்றியது நுரையீரலுக்குப் போகும். மயங்கிக் கிடந்தால், வாந்தி எடுத்தால், ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். ஊசியால் பத்து விரல்களின் நுனியையும் குத்தி ஒவ்வொரு துளி இரத்தம் எடுத்தால் பாரிசவாதம் மாறும் என்று ஒரு செய்தி கைத்தொலைபேசிகளில் ஆண்டுக்கணக்காக உலாவி வருகிறது. அது முழுப்பொய். பத்து விரலைக் குத்துவதற்குள் எத்தனை இலட்சம் நரம்பணுக்கள் மடியும் என்று முன்னே சொன்ன கணக்கை வைத்து நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

அஸ்பிரின் குளிசையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மாரடைப்புக்கு அது உடனே கொடுக்கும் மருந்து என்பதைக் கேள்விப்பட்டவர்கள், அதே நினைவில் பாரிசவாதத்துக்கும் கொடுத்துவிடுகிறார்கள். இரத்தம் உறைவதைத் தடுப்பது அஸ்பிரினின் வேலை. அடைப்பு என்றால் அது நன்று. குழாய் வெடித்துக் கசிவதாயிருந்தால் கசிவை அது கூட்டும். எது நிகழ்ந்தது என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல எந்த வைத்தியராலும் இயலாது. ஸ்கேன் படம் ஒன்றே சொல்லும். மண்டையைத் திறவாமலே மூளையைப் படம்பிடிக்கும் அந்தப் பொறியை அமைத்தவர் கொட்ஃபிரி ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற ஆங்கிலப் பொறியியலாளர். 1971இலே முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையை அதனாற் படம்பிடித்தார்கள். 1979இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வெப்பர் காலத்தில் இறந்த பின் அறுத்துப் பார்த்து அறிந்ததை, இன்று உயிரோடிருக்கையிற் சில நிமிடங்களில் அறிந்துகொள்கிறோம்.

நாலரை மணித்தியாலம் கடந்துவிட்டதே, இனிப் போய் என்ன பயன் என்று வீட்டில் இருந்துவிடுவதும் தவறு. பெரிய குழாயில் அடைப்புள்ள சிலருக்கு, தொடையிலுள்ள நாடி வழியாக மெல்லிய குழலைச் செலுத்திக் கட்டியை இழுத்தெடுக்கும் முறையொன்று வந்திருக்கிறது. தகுந்தவர்களைத் தெரிந்தெடுத்தால் 24 மணித்தியாலம் வரையிலும் அதனாற் பயனுண்டு என்று 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த வசதி சில பெரிய வைத்தியசாலைகளுக்கே உரியது, எல்லாருக்கும் கிட்டுவதன்று. ஆனால் பாரிசவாத நோயாளரை அதற்கென்றே பழகிய தாதியரும் வைத்தியரும் ஒரே விடுதியில் வைத்துப் பராமரித்தால், எந்த மருந்தும் கொடுக்க முடியாத நிலையிலும் பிழைப்பவர் தொகை கூடுகிறது, எழுந்து நடப்பவர் தொகையும் கூடுகிறது என்பது நன்கு நிறுவப்பட்டதொன்று.

வருமுன் காப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வேன். அது தனியே ஒரு பேச்சுக்குரிய பொருள். புகைத்தல், நீரிழிவு, மது, ஒழுங்கற்ற இருதயத் துடிப்பு என்று காரணங்கள் பல இருந்தாலும், இரத்த அழுத்தமே எல்லாவற்றுக்கும் தலைமையானது. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12ஆம் நாள் நாற்காலியில் அமர்ந்திருந்தபடியே பின்தலையில் கடும் வலி என்று சொல்லிச் சாய்ந்தார். அப்பொழுது அவருடைய இரத்த அழுத்தம் 300க்கு 190 என்று அவருடைய வைத்தியர் குறித்து வைத்திருக்கிறார். அன்று மாலை அவர் உயிருடன் இல்லை. அவருக்கு அழுத்தம் அதிகம் என்பதை வைத்தியர்கள் ஓராண்டுக்கு முன்பே நன்கறிவார்கள். குறைப்பதற்குத் தகுந்த மருந்துதான் அக்காலத்தில் இல்லை. உலகப் போரொன்றை நடத்திய மனிதருக்குக் கிடைக்காத அந்தக் குளிசைகள் இன்று நம் அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்குகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. அப்படியிருந்தும், உடம்பு நன்றாயிருக்கிறதே என்று இரண்டு மாதத்தில் அவற்றை நிறுத்திவிடுகிறோம். அழுத்தம் கூடியிருப்பதை உடம்பு சொல்லாது, கருவிதான் சொல்லும். 35 வயதைத் தாண்டியவர்கள் அரசாங்க ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் இதனை இலவசமாக அளந்துகொள்ளலாம். 140க்கு 90 என்ற அளவைத் தாண்டியிருந்தால், வைத்தியர் சொல்லும் குளிசையை அவர் சொல்லும்வரை நிறுத்தக்கூடாது. ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு சிறு தேக்கரண்டி அளவு. கருவாடும் கட்டச் சம்பலும் சேர்ந்த ஒரு வேளைச் சோற்றிலேயே அதிற் பெரும்பங்கு போய்விடும்.

கடைசியாக, அம்புலன்ஸ் வந்துவிட்டதென்றால் கையோடு எடுத்துச் செல்ல வேண்டியவை சில. நோயாளியின் கிளினிக் கொப்பி. அவர் விழுங்கிவரும் குளிசைகள், உறையோடு. இரத்தம் உறையாதிருக்கக் குளிசை எடுப்பவரானால் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். எல்லாவற்றிலும் முக்கியமாக, நோய் தொடங்கியதைக் கண்ணாற் கண்டவர் கூடவே போக வேண்டும். குடும்பத்தில் மூத்தவர் என்பதற்காக, கண்டிராத ஒருவரை அனுப்புவதிற் பயனில்லை. வைத்தியர் முதலிற் கேட்கப்போவது, எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைத்தான். தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால், எழுந்த நேரத்தைச் சொல்லாதீர்கள். முதல் நாள் இரவு கடைசியாக எத்தனை மணிக்கு அவர் சுகமாக நடந்தார், பேசினார் என்பதைச் சொல்லுங்கள். அந்த நேரத்தை நினைவில் வைக்க நம்பிக்கையில்லையானால், கோப்பை விழுந்த உடனேயே மணிக்கூட்டைப் பார்த்து, ஒரு துண்டுக் கடதாசியிலோ உள்ளங்கையிலோ எழுதிக்கொள்ளுங்கள்.